லீட்ஸில் டீ என்றால் சோறு

லீட்ஸ்
ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் மழை

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை வாசிக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். பாதி அவளுக்காக எழுதுவதுதான்.

போன வாரம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "நாங்களெல்லாம் டீ முடித்தாயிற்று, உங்கள் மகளும் டீ முடித்துவிட்டாள்" என்று அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள் அல்லவா? உன் சின்னவன், இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பெருமையில், அதை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தினமும் அழுகை. "ராத்திரிக்கு வெறும் டீயைக் குடிச்சிட்டா படுக்குற? அங்க குடுக்குற சம்பளம் அவ்வளவுதானா? பேசாம வந்துருடி." இவர் போனை எடுத்தால், "மாப்ள, அவ உடம்பு தாங்காது" என்று அவரிடமும். அவர் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்று பவ்வியமாக வைத்துவிட்டு என்னை முறைக்கிறார்.

அம்மாவிடம் சொல்: இந்த ஊரில் டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு. பாட்டி அன்று சாப்பிட்ட டீயில் ஆட்டுக்கறி இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது, கேரட் இருந்தது, மேலே ஊற்றிக்கொள்ளக் குழம்பு மாதிரி ஒன்று இருந்தது. டீதான் இல்லை. நான் முடித்த டீ, சோறும் மீன்குழம்பும்.

அப்படியானால் டின்னர் என்னவாயிற்று என்று அத்தான் கேட்பார். டின்னர் மத்தியானமே முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற அம்மாக்களுக்கு டின்னர் லேடி என்றுதான் பெயர். இது இங்கே வடக்கில். தெற்கே லண்டன் பக்கம் போனால் மத்தியானம் லஞ்ச், ராத்திரி டின்னர், சாயங்காலம் குடிப்பது டீ என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்த உலகம் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டில் இரண்டு கூட்டமும் சந்திக்கும். தெற்கிலிருந்து வந்த சின்ன டாக்டர், "இந்த மாத்திரையை டின்னரோடு சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். யார்க்‌ஷயர் தாத்தா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மத்தியானமே போட்டுக்கொள்ளத் தயாராவார். அதனால்தான் நாங்கள் சாப்பாட்டின் பெயரையே சொல்வதில்லை, மணியைச் சொல்லிவிடுவோம்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று பார்த்தால் அதில் நம் மதுரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1662இல் இரண்டாம் சார்லஸுக்கு வாக்கப்பட்டு வந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரின்தான் டீக்கு அரண்மனையில் மவுசு உண்டாக்கினாளாம். அப்போது அது பணக்காரர்கள் பூட்டி வைத்துக் குடித்த பொருள். 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஒருத்திக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்கும் எட்டு மணி டின்னருக்கும் நடுவில் பசித்திருக்கிறது. டீயும் ரொட்டியும் அறைக்கே கொண்டுவரச் சொன்னாள். நமக்கு நாலு மணிக்குப் பசித்தால் அது பசி. சீமாட்டிக்குப் பசித்ததால் அது 'ஆஃப்டர்நூன் டீ' ஆகி, இன்று ஹோட்டலில் மூன்றடுக்குத் தட்டில் வைத்துக் காசு பிடுங்குகிறார்கள்.

ஆனால் லீட்ஸ் மாதிரி மில் ஊரில் வேலை விட்டு ஆறு மணிக்கு வருகிறவனுக்கு நாலு மணி டீ எங்கே? அவன் வந்ததும் ரொட்டி, கறி, கூடவே சுடச்சுட டீ. அது ஒரு முழுச் சாப்பாடு. சாப்பாட்டுக்கே டீ என்று பெயர் வந்துவிட்டது. அஸ்ஸாம், சிலோன் தேயிலை வந்து விலை இறங்கிய பிறகுதான் மில் தொழிலாளி வீட்டில் டீ அவ்வளவு தாராளமாக ஓடியது. சிலோனில் கொழுந்து பறித்தது யார்? மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன நம் சனம். அவர்கள் பறித்த இலையால் இவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெயரே மாறியிருக்கிறது. பறித்தவர்கள் ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று எந்த அகராதியிலும் இல்லை.

இந்த மில்காரர்கள் டீக்கு 'ஹை டீ' என்று ஒரு பெயர் உண்டு. ஹை என்றதும் உயர்ந்த ரகம் என்று நினைத்துச் சுற்றுலா வருகிறவர்கள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தேடுகிறார்கள். சீமாட்டி தாழ்ந்த மேஜையில் குடித்தாள், தொழிலாளி உயரமான சாப்பாட்டு மேஜையில் சாப்பிட்டான், அவ்வளவுதான் உயரம் என்கிறார்கள். 'க்ரீம் டீ' என்றால் டீயில் க்ரீம் கிடையாது. ஸ்கோன் என்கிற பன்னில் க்ரீமும் ஜாமும் தடவுவது. டெவன்காரர்கள் க்ரீமை முதலில் தடவி மேலே ஜாம் வைக்க வேண்டும் என்பார்கள். கார்ன்வால்காரர்கள் ஜாம்தான் முதலில் என்பார்கள். வடகலை தென்கலைச் சண்டையைக் கண்டவர்களுக்கு இது புரியும். கட்டட வேலை செய்கிறவர்கள் பெயரால் 'பில்டர்ஸ் டீ' ஒன்று உண்டு. கடுப்பாக, பால் விட்டு, சர்க்கரை அள்ளிப் போட்டு. நம் முக்குக் கடை ஸ்ட்ராங் டீக்குக் கிட்டத்தட்ட வருகிற ஒரே டீ அதுதான்.

நர்ஸ் என்பதால் எனக்குப் பிடித்தது 'பீஃப் டீ'. மாட்டுக்கறியை வேகவைத்து இறுத்த ரசம். நோயாளிக்கு அதைவிடச் சத்தானது இல்லை என்று அந்தக் காலத்தில் ஒரே நம்பிக்கை. 1859இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் நர்ஸிங் பற்றி எழுதிய புத்தகத்தில் அது வெறும் மூடநம்பிக்கை என்கிற மாதிரி போட்டு உடைத்துவிட்டு, நிஜ டீயின் அருமையைப் பற்றித் தனியாக எழுதுகிறாள். மகராசி, எந்த டீ என்று தெளிவாக இருந்தவள். டீ வரிசையில் கடைசியாக, லண்டன் பக்கத்து எதுகை பாஷையில் 'டீ லீஃப்' என்றால் திருடன். தீஃப் என்பதற்கு எதுகையாம்.

டீ எப்படிப் போட வேண்டும் என்பதற்கு இவர்களிடம் தேசியத் தரக்கட்டளையே உண்டு தெரியுமா? நூறு மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிஷம். 1980இல் சர்வதேசத் தரமாகவும் ஆக்கினார்கள். பிரிட்டிஷ் தரக்கட்டளை ஆறு பக்கம். அதற்காக 1999இல் இக் நோபல் என்கிற கேலிப் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். போடுவதற்கு ஆறு பக்கம் எழுதியவர்கள், டீ என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் அம்மா இப்படி அழுதிருக்க மாட்டாள்.

சரி, டீயாவது பரவாயில்லை. புட்டிங் என்று ஒரு சொல் இருக்கிறது.

நமக்குப் புட்டிங் என்றால் கல்யாண ரிசப்ஷனில் கிண்ணத்தில் ஆடிக்கொண்டிருக்கும் மஞ்சள் வஸ்து. இங்கே நான் முதலில் பார்த்தது 'பிளாக் புட்டிங்'. பன்றி ரத்தம், கொழுப்பு, ஓட்ஸ் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைத்தது. காலையில் முட்டையோடு வட்டம் வட்டமாக நறுக்கி வறுத்து வைப்பார்கள். வார்டில் இருக்கும் சைவக்காரப் பெண் ஒருத்தி பெயரைக் கேட்டு சாக்லேட் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டாள். நல்ல வேளை, கேரளா சேச்சி தட்டைப் பிடுங்கிவிட்டாள். எனக்கென்னவோ அவ்வளவு அதிர்ச்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியலுக்கு நீயும் நானும் சண்டை போட்டவர்கள்தானே.

உண்மையில் இந்தச் சொல்லுக்கு அதுதான் ஆதி அர்த்தம். புட்டிங் என்றால் குடல், குடலில் அடைத்தது. 1666இல் லண்டனையே எரித்த தீ புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்தது. தித்திப்புக் கடைத் தெருவாக்கும் என்று நினைக்காதே. கசாப்புக்காரர்கள் குடலும் கழிவும் கொண்டுபோன சந்து அது. பிறகு பதினேழாம் நூற்றாண்டில் குடலுக்குப் பதில் துணியில் மாவைக் கட்டி வேகவைக்கக் கற்றுக்கொண்டார்கள். துணி வந்ததும் ஆடு மாடு அறுக்கிற நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாவு, கொழுப்பு, உலர்ந்த திராட்சை எது வேண்டுமானாலும் கட்டி வேகவைக்கலாம். குடல் போயிற்று, ரத்தம் போயிற்று, இனிப்பு உள்ளே வந்தது, பெயர் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் சாப்பாட்டுக்குப் பின் வருகிற இனிப்பு எதுவானாலும் புட்டிங். "புட்டிங் என்ன?" என்று பாட்டி பேரனைக் கேட்பாள். "ஐஸ்க்ரீம்" என்பான்.

நடுவில் நின்றுபோன உருப்படிகளும் உண்டு. மாட்டுக் கொழுப்பு போட்டுப் பிசைந்த மாவுக்குள் மாட்டுக்கறியும் சிறுநீரகமும் வைத்து அவித்தது புட்டிங். நம் பருப்பு மசியல் மாதிரி மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்தாலும் புட்டிங். கிறிஸ்துமஸ் புட்டிங்கை ஒரு மாதம் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கிண்டி வைத்து, பண்டிகை அன்றைக்கு பிராந்தி ஊற்றிக் கொளுத்திக் கொண்டுவருகிறார்கள். கற்பூர ஆரத்தி காட்டுகிறார்களோ என்று இவர் எழுந்து நின்றுவிட்டார்.

எங்கள் மாகாணத்தின் பெருமை யார்க்‌ஷயர் புட்டிங். மாவு, முட்டை, பால் கரைத்துக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைத்தால் உப்பி எழும். இனிப்பு இல்லை. கறியோடு தின்பது. முன்பெல்லாம் கறிக்கு முன்னால் இதைக் குழம்போடு பரிமாறுவார்களாம், வயிறு நிரம்பினால் கறி குறைவாகச் செலவாகும் என்று. விருந்தாளி இலையில் சோற்றை முதலில் மலையாகக் கொட்டுகிற நம் பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். நாலு அங்குல உயரமாவது எழும்பாவிட்டால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று 2008இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியே சொல்லிவிட்டது. விஞ்ஞானிகளுக்கு வேலை இல்லை என்று நினைக்காதே. பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தச் செய்தியைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இப்போது முக்கியமான விஷயம், இதை அத்தானுக்கு வாசித்துக் காட்டு. நம்மூரில் புதிதாகப் பார்க்கிறவரிடம் பெரியவர்கள் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றிச் சுற்றி வந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாது என்று நீயும் நானும் நம்பினோமே. இவர்களுக்கு டீயும் புட்டிங்கும் போதும். ராத்திரிச் சாப்பாட்டை டீ என்று சொன்னால் வடக்கு, அல்லது உழைக்கிற குடும்பம். சப்பர் என்று சாதாரணமாகச் சொன்னால் தெற்கு, புத்தக அலமாரி உள்ள வீடு. கடைசி இனிப்பைப் புட்டிங் என்று பிரபு சொல்வார், எங்கள் தெருவில் குப்பை வண்டி ஓட்டுகிறவரும் சொல்வார். நடுவில் இருக்கிறவர்கள்தான் ஸ்வீட், டெஸர்ட் என்று நாகரிகமாகச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. ஆலன் ராஸ் என்ற பர்மிங்ஹாம் பேராசிரியர் 1954இல் இதை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார், அதுவும் ஃபின்லாந்துப் பத்திரிகையில். நான்ஸி மிட்ஃபோர்டு என்ற எழுத்தாளர், பிரபு வீட்டுப் பெண், அதை எடுத்து எழுதியதும் நாடே தன் வாயைத் தானே கவனிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் வார்டுத் தலைமை நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து நோயாளி சொல்கிற ஒரு வார்த்தையில் ஊரையும் அப்பா வேலையையும் சொல்லிவிடுவாள். நம் சித்தப்பா இங்கே பிறந்திருந்தால் கல்யாணத் தரகில் கோடீஸ்வரர் ஆகியிருப்பார்.

சிரிக்காதே. நம்முடையது மட்டும் என்ன ஒழுங்கு? பாட்டி ஒருநாள் என்னிடம் டிபன் என்றால் என்ன என்று கேட்டாள். இட்லி டிபன், தோசை டிபன் என்றேன். காலையிலா என்றாள். காலையிலும்தான், சாயங்காலமும்தான், வெள்ளிக்கிழமை ராத்திரி விரதமென்றால் ராத்திரியும்தான். அப்போது சோறு? அது சாப்பாடு. இட்லி சாப்பிட்டால் சாப்பாடு இல்லையா? இல்லை, அது டிபன்தான், பத்து இட்லி தின்றாலும். பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாங்கள் உங்களை ஆண்டோமா, நீங்கள் எங்களை ஆண்டீர்களா?" என்றாள். டிபன் என்ற சொல்லே இவர்கள் அங்கே விட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை. வயசானவள்.

அத்தான் கோடையில் ஹெடிங்லி டெஸ்ட் பார்க்க வருவதாகச் சொன்னார் என்று கேட்டுச் சந்தோஷம். கிரிக்கெட்டில் டீ என்றால் இருபது நிமிஷ இடைவேளை, அங்கே யாரும் கறிச்சோறு போட மாட்டார்கள். யாராவது வீட்டுக்கு டீக்குக் கூப்பிட்டால் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல். நாலு மணி என்றால் பிஸ்கட். ஐந்தரை என்றால் மத்தியானம் வயிற்றை லேசாக வைத்துக்கொள்ளட்டும். பஸ் டிரைவரம்மா "லவ்" என்று கூப்பிட்டால் டிக்கெட் கேட்கிறாள் என்று அர்த்தம். இதை நீ அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது உனக்கு நல்லது. செப்டம்பர் வரை தங்கினால் பக்கத்து மாகாணத்தில் ராம்ஸ்பாட்டம் என்ற ஊரில் நடக்கிற போட்டிக்குக் கூட்டிப்போகிறேன். இருபதடி உயரத்தில் யார்க்‌ஷயர் புட்டிங்குகளை அடுக்கி வைத்துக் கீழிருந்து பிளாக் புட்டிங்கை வீசித் தள்ள வேண்டும். லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் பழைய பகை, அதை இப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள். சாப்பாடு பாழாகிறதே என்று அத்தான் வருத்தப்படுவார், கூட்டத்தில் சத்தம் போடாமல் இருக்கச் சொல்.

வரும்போது அவர் கையில் அல்வா கொடுத்துவிடு, பாட்டிக்கும் சேர்த்து. போன தடவை கொடுத்ததை அருமையான புட்டிங் என்றாள். குலாப் ஜாமூனும் அவளுக்குப் புட்டிங்தான். சர்க்கரைப் பொங்கல் ரைஸ் புட்டிங். வெண்பொங்கலில் மிளகைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இது டீயா புட்டிங்கா என்று என்னையே கேட்டாள். டிபன் என்று சொல்லிவிட்டேன்.

ஏழு மணிக்கு டூட்டி. மற்றவை போனில். அம்மா மாத்திரையை மணி பார்த்துப் போட்டுக்கொள்ளட்டும்.

உன் அன்புத் தங்கை