கணக்குப்பிள்ளை பார்த்த மெட்ராஸ்

சென்னையில் குடியிருப்பவர்கள் சென்னையைச் சுற்றிப் பார்ப்பதில்லை. அதற்கென்றே ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடும், மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கும். அந்த நேரம் பார்த்து நெல்லை எக்ஸ்பிரஸிலிருந்து பெட்டி, பை, முறுக்கு டின் சகிதமாக ஒரு குடும்பம் எழும்பூரில் வந்து இறங்கும். "அங்க வெயில் எப்படி?" என்று போனில் கேட்டதற்கு மரியாதைக்காக "பரவாயில்லை" என்று சொல்லிவைத்ததன் பலன் அது.

இந்த வருஷம் வந்தது கோவில்பட்டி மாமாவும் அத்தையும். மாமா தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆபீஸ் அவரை விட்டுவிட்டது, அவர் கணக்கை விடவில்லை. எதைக் காட்டினாலும் கேட்பது இரண்டே கேள்வி: எவ்வளவு ஆச்சு, யார் குடுத்தா? அத்தைக்கு அந்தக் கவலை கிடையாது. சினிமாவில் வந்த இடமா, வராத இடமா என்பது தெரிந்தால் போதும்.

பட்டணம் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பட்டியல் உண்டு: சென்ட்ரல், எல்.ஐ.சி., செத்த காலேஜ், உயிர் காலேஜ், பீச். செத்த காலேஜ் என்றால் 1851-ல் தொடங்கிய எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. உயிரோடு இருந்தவை வண்டலூருக்குக் குடிபோய்விட்டன. செத்தவை மட்டும் வாடகை ஏறாமல் எழும்பூரிலேயே இருக்கின்றன. மாமா கொண்டுவந்தது இந்தப் பழைய பட்டியல்தான்.

முதலில் எல்.ஐ.சி. 1959-ல் திறந்தது, பதினான்கு மாடி என்று பேர். அன்றைக்கு இந்தியாவிலேயே அதுதான் உயரம். "எங்க அப்பா துண்டு கீழ விழுற அளவுக்கு அண்ணாந்து பாத்து மாடியை எண்ணிக்கிட்டு இருந்தாராம். ஒருத்தன் வந்து, இங்க மாடி எண்ணினா மாடிக்கு ஒரு ரூவா கட்டணும்னு மிரட்டியிருக்கான். அப்பா பதினாலையும் எண்ணி முடிச்சிட்டு, பத்துதான் எண்ணினேன்னு பத்து ரூவாயில தப்பிச்சிட்டாரு" என்றார் மாமா. இந்தக் கதை தமிழ்நாட்டில் எல்லாருடைய அப்பாவுக்கும் நடந்திருக்கிறது. மாமா சொன்னபோது மட்டும் நாலு ரூபாய் மிச்சமான திருப்தி அவர் முகத்தில் இன்னும் பாக்கி இருந்தது.

அங்கிருந்து தீவுத்திடல் பக்கம், நடுரோட்டில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ. கவர்னராக இருந்தவர். லண்டனில் சான்ட்ரி என்ற சிற்பி செய்த சிலை, 1839-ல் இங்கே வைத்தார்கள். தினமும் அந்த வழியாகப் போகிறவன்தான் நான். மன்றோ உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு மேல் எதையும் பார்த்ததில்லை. மாமா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிய மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"மருமகனே, குதிரைக்கு சேணத்தைக் காணும்."

இல்லைதான். கால் வைக்க அங்கவடியும் இல்லை.

"யார் துட்டு?"

"பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணி வச்சது மாமா."

"அதானே பாத்தேன். வசூல் துட்டுன்னா கேக்க ஆளிருக்காது. சேணமும் அங்கவடியும் சப்ளை பண்ணாமலே பில் போட்டுட்டான்."

குடியானவன் நேராக சர்க்காரிடம் வரி கட்டும் ரயத்துவாரி முறைக்குப் பேர்போனவர் இவர்தான் என்று எடுத்துச் சொன்னேன். "எங்க தாத்தா கட்டினது எட்டயபுரம் ஜமீனுக்கு. இவருக்கு நாங்க பாக்கி ஒண்ணும் இல்ல" என்று மாமா கணக்கை முடித்துவிட்டார். ஆட்டோவும் நகர்ந்தது.

நேப்பியர் பாலத்தில் அத்தைக்கு உற்சாகம். 1869-ல் தோன்றிய பாலம், 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசிக்கொண்டது. "இது டிவியில வந்துச்சு" என்று அத்தை சான்றிதழ் கொடுத்தார். பெயின்ட் எத்தனை லிட்டர் ஆகியிருக்கும் என்று மாமா யோசிக்க ஆரம்பிப்பதற்குள் சமாதி வந்துவிட்டது.

அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி. தேர்தல் மேடைகளில் எதிரெதிராக நின்றவர்களும் இங்கே அடுத்தடுத்த காம்பவுண்டுதான். கூட்டம் அதிகம் குனிவது எம்.ஜி.ஆர். சமாதியில். அவர் கையிலிருந்த வாட்ச் உள்ளே இன்னும் ஓடுகிறது, காதை வைத்தால் டிக் டிக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. அவர் காலமானது 1987 டிசம்பரில். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கருங்கல்லில் கையை ஊன்றி, காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அத்தனை வருஷமா சாவி யாரு குடுக்கா?" என்றார் மாமா.

"செத்த சும்மா இருங்க. கேக்குது."

"பேட்டரின்னாலும் ரெண்டு வருஷந்தான."

பின்னால் வரிசையில் நின்ற பெண்மணி மாமாவை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு மாமா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அத்தை எழுந்து நகர்ந்ததும், நான் பார்க்காத சமயமாகப் பார்த்து அவரும் குனிந்தார். கேட்டதா என்று நான் கேட்கவில்லை. கணக்கில் வராத இனம் எல்லாருக்கும் ஒன்றிரண்டு இருக்கும்.

உழைப்பாளர் சிலைக்கு எதிரே நின்று நாலு பேர் பாறையை நெம்புவதை மாமா வெகுநேரம் பார்த்தார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-லிருந்து அங்கே நிற்கிறது என்றேன். "அன்னையிலேருந்து தள்ளுதாங்களா? ஓவர்டைமே ஒரு கோடி வருமே" என்றார்.

அவரை அசையவிடாமல் நிறுத்தியது ஐஸ் ஹவுஸ்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம். 1897-ல் சுவாமிஜி அங்கே ஒன்பது நாள் தங்கியிருந்தார். அதற்கெல்லாம் முன்னால், 1842-ல், ஃபிரடெரிக் டூடர் என்ற அமெரிக்கர் ஐஸ் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. பாஸ்டன் பக்கம் குளிரில் உறைந்த ஏரிகளை அறுத்து, கட்டிகளை மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்பினார்.

"அமெரிக்காவிலேருந்து ஐஸா? கப்பல்ல எத்தனை நாளு?"

"மாசக்கணக்கில ஆகும் மாமா."

மாமா ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். "வழிச்சேதாரம் போட்டு, கப்பல் வாடகை போட்டு, மரத்தூள் போட்டு, மிச்சத்தை வித்து லாபம் பாத்திருக்கான்னா, அவன்தான்யா மொதலாளி. நாங்க பக்கத்தூருக்குத் தீப்பெட்டி அனுப்பினாலே மழையில நமுத்துப்போச்சுன்னு பார்ட்டி திருப்பி அனுப்புவான்." உள்ளூரிலேயே மெஷினில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது என்றேன். சொந்தக் கம்பெனி மூடியதைப் போல வருத்தப்பட்டார்.

இதற்குள் அத்தை கடலைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். மெரினாவில் கடல் எதிரிலேயே தெரியும், போய்ச் சேரத்தான் நேரமாகும். செருப்பைக் கையில் எடுத்தால் மணல் சுடும், காலில் போட்டால் உள்ளே வாங்கும். பாதி தூரத்தில் நின்று அத்தை சொன்னார்: "படத்துல இவ்வளவு நடக்கலியே."

மணலுக்கும் கணக்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வடக்கே துறைமுகம் கட்டக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். அதற்கு முன் அலை சாலைக்குப் பக்கத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் குறுக்கே வந்ததும் தென்பக்கம் தேங்கி மெரினா அகலமாகிவிட்டது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. அங்கே கல் கொட்டி, தூண்டில் வளைவு போட்டு இன்னும் சமாளிக்கிறார்கள்.

சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்ட மாமா சிரிக்கவில்லை. "அப்ப இது வரவு இல்ல மருமகனே. அங்க பத்து எழுதித்தான் இங்க வரவு வச்சிருக்காங்க. நாம உக்காந்திருக்கிறது ராயபுரத்துக்காரன் மணல்ல" என்றார். மெரினாவைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ புகழுரைகளில் இவ்வளவு சரியான வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் கலங்கரை விளக்கத்துக்குப் பறக்கும் ரயிலில் போனோம். ரயில் மேலே போகிறது என்பதைத் தவிர பறப்பதற்கான வேறு அறிகுறி கிடையாது. கலங்கரை விளக்கம் என்றே பெயருள்ள ஸ்டேஷனில் இறங்கி, கலங்கரை விளக்கம் எங்கே என்று வழி கேட்டுக்கொண்டு நடந்தோம். முன்பு 1894-லிருந்து ஐகோர்ட்டின் உச்சிக் கோபுரத்தில்தான் விளக்கு எரிந்தது. மேலே கப்பலுக்கு வழி, கீழே கட்சிக்காரனுக்கு வாய்தா. 1977-லிருந்து விளக்கு மெரினாவில். லிஃப்ட் இருப்பதால் அத்தையின் முழங்காலுக்கு வேலை இல்லை. மேலே போனதும் தெற்கே சாந்தோம் தேவாலயம், மேற்கே மயிலாப்பூர், வடக்கே துறைமுகம். மாமா துறைமுகச் சுவரையும் மெரினா மணலையும் மாறி மாறிப் பார்த்து, முந்தின நாள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டார். டேலி ஆகிவிட்டது.

இந்த ஊரைப் பற்றிப் புத்தகம் படித்தவன் நான். ஆனால் சேணத்தைத் தேடியது மாமா, வழிச்சேதாரம் கேட்டது மாமா. சுற்றுலா இடங்களுக்குக் கைடு அவசியமில்லை. பெரிய இடம் என்று மலைத்துப்போகாமல், இதற்கு யார் பணம் கொடுத்தது என்று கேட்கும் ஒரு விருந்தாளி போதும்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வரக்கூடும். அவருக்காக ஒரு தகவல்: எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள்கிழமை. மெரினாவில் குளிக்க எந்தக் கிழமையும் இறங்காதீர்கள், அலை ஆளை இழுக்கும். மற்றபடி மணல் வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்கும். ராயபுரத்துக்காரர்கள் இதுவரை வாடகை கேட்கவில்லை.