சீமெந்துத் தரையில கோழி

வா மருமவனே, உக்காரு. கம்பஸ்ல புத்துநோய் வளக்குறியாமே? உங்கம்மா ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுது. மாத்தளைப் பக்கம் நம்ம பலாபத்வலையில மிளகு வளக்குறான், கராம்பு வளக்குறான், கோப்பி வளக்குறான். புத்துநோய் வளக்குற மொத ஆளு நீதான். மானியம் ஏதும் குடுப்பாங்களான்னு விசாரிச்சு வையி.

"பிளாஸ்டிக் தட்டுல வளக்குறோம் மாமா"ன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு இடிச்சுது. கோழியச் சீமெந்துத் தரையில விட்டுட்டு, "கோழிக்கு மண்ணக் கிண்டத் தெரியாது"ன்னு புத்தகம் எழுதுன கதையால்ல இருக்கு! நல்லா இருக்குற மார்பு இழையம் 150, 200 பாஸ்கல் விறைப்பு. கட்டி வந்தா ஏறக்குறைய 4,000. உன் தட்டு எவ்வளவுன்னு கேட்டா முழிக்கிற. 300 கோடிடா! அம்பது, அறுபது வருஷமா அந்தத் தரையிலதான் கலங்கள நடக்கவிட்டு, அது போற போக்கப் பாத்து மருந்துக்குக் கணக்குப் போட்டிருக்காங்க படிச்ச பெரியவங்க. நான் படிக்காதவன், சிரிக்க மட்டும்தான் தெரியும்.

எல்லாரும் அப்படியே இருந்துடல. 1997ல பெல்ஹாம்னு ஒருத்தரும் யூ-லி வாங்னு ஒருத்தரும் பாலிஅக்ரிலமைட் ஜெல்லத் தரையாப் போட்டாங்க. கலக்குற பொருளக் கூட்டிக் குறைச்சா விறைப்பும் கூடும், குறையும். மேல ஒட்டுறதுக்கு ஒரே கொலாஜன் பூச்சு. ஆக, மாறுனது விறைப்பு மட்டுந்தான். அதுக்கே கலத்தோட வடிவமும் நடையும் மாறிப்போச்சு. 2000ல வாங் கூட்டத்தார் இன்னொன்னும் பாத்தாங்க. மெத்துன்னு இருந்த தரையில நல்ல கலம் வளர்ச்சியக் குறைச்சுக்கிச்சு, கொஞ்சம் செத்தும் போச்சு. புத்துநோய்க் குணம் ஏத்துன கலம் மட்டும் எந்தத் தரையானாலும் கவலப்படாமப் பெருகுச்சு. வெக்கங்கெட்டது!

2005ல அமெரிக்காவுல வலெரி வீவர் கூட்டத்தார் செஞ்சதுதான் எனக்குப் புடிச்சது. மெதுவான ஜெல்லுல நல்ல மார்புக் கலங்கள் கூடி, நடுவுல குழி விட்டு, ஒழுங்கா உருண்டையா உக்காந்துச்சு. அதே கலங்களக் கட்டியோட விறைப்புள்ள ஜெல்லுல வச்சா அந்த ஒழுங்கு கலைஞ்சு கண்டபடி பெருகுச்சு. மரபணுவ யாரும் தொடல மருமவனே, தரையத்தான் மாத்துனாங்க. மறு வருஷமே டிஷர் என்பவரோட ஆய்வுகூடத்துல, மெத்துத் தரையில விட்ட குருத்துக் கலம் நரம்புப் பக்கமும், நடுத்தரத்துல தசைப் பக்கமும், விறைச்சதுல எலும்புப் பக்கமும் சாய்றதக் காட்டுனாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் சமிக் சென், இப்ப பம்பாய் ஐஐடியில புத்துநோய்க் கலத்தோட நடையப் பாக்குறாரு. இன்னொரு கூத்து: கட்டிதான் கல்லா இருக்கும், பரவிப்போற கலத்த ஒத்தையா எடுத்து அமுக்கிப் பாத்தா நல்ல கலத்தவிட 70 வீதத்துக்கு மேல மெதுவாம். 2007ல கலிபோர்னியாவுல அளந்திருக்காங்க. இண்டு இடுக்குல நுழையிறதுக்கு அந்த ஒடம்புதான் வசதி போல.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? ஓசிப் பேப்பர் படிக்கிறவனுக்கு நேரம் அதிகம்.

அது கெடக்கட்டும். கன்னத்துல என்னடா அடக்கி வச்சிருக்க? சந்திக் கடையில சரஞ்சரமாத் தொங்குமே, அந்தப் பாக்குப் பொட்டலந்தானே? அப்ப ஆய்வுகூடத்துக்கு எதுக்குடா பஸ்சுக்குக் காசு குடுத்துப் போற? வாயிலயே ஒன்னு நடத்துறியே!

பாக்குல இருக்குற அரிகொலின், கன்னத்துக்குள்ள கொலாஜன் நாரக் கூட்டுது. பாக்குல செம்பு அதிகம். நாரோட நாரப் பின்னி முடிச்சுப் போடுற லைசில் ஒக்சிடேசுங்குற நொதியம் அந்தச் செம்பால வேகம் எடுக்குது. துவர்ப்புச் சத்து வேற, அந்த நாரு கரையாமக் காவல் நிக்குது. மொதல்ல கறி உறைப்பு எரியும். மாத்தளைக்காரனுக்கு மிளகு எரிஞ்சா யோசிக்கணும்டா. அப்புறம் கன்னம் வெளுத்து, தடிச்சு, வாய் தொறக்காது. 1952ல கென்யாவுல இருந்த இந்தியப் பெண்கள் அஞ்சு பேருகிட்ட சுவார்ட்ஸ்னு ஒருத்தர் இந்த நோயக் கண்டாரு. கேரளாவுல எர்ணாகுளத்துல இந்த நோய் வந்த 66 பேர 17 வருஷம் பின்தொடர்ந்ததுல, நூத்துக்கு 7.6 பேருக்குப் புத்துநோயாப் போச்சு. நம்ம பேராதனைப் பல் மருத்துவ பீடத்துல இருந்து திலகரத்ன இந்த நோயப் பத்தி எழுதுனதத்தான் 2006ல இருந்து வெளிநாட்டான் எடுத்துப் படிக்கிறான். நீ எடுத்துப் படிச்சியா?

"பொயிலை சேக்கல மாமா"ன்னு இழுக்காத. பொயிலை இல்லாத வெத்திலைபாக்கும், வெறும் பாக்கும் புத்துநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் முகவரகம் 2004லயே எழுதியாச்சு. இலங்கையில ஆம்பளைக்கு வர்ற புத்துநோய்ல வாய்தான் முன்னுக்கு நிக்குது. பாக்கு நஞ்சு ஒரு பக்கம் கெடுக்குது. நாரு ஏறி இறுகுன கன்னத் தரையும் அதோட கூட்டா, எந்தளவுக்குக் கூட்டுங்குறதத்தான் உன்னப் போல ஆளுங்க தேடணும். ஜெல்லுல தேடு, கன்னத்துல வேணாம்.

எங்க, அந்தச் சக்கையத் துப்பிட்டு வா. மூணு வெரல நெட்டாச் சேத்து, மேப்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல வையி. ம்... ரெண்டரையிலயே நிக்குதே! சிரிக்காதடா, சிரிச்சா இன்னும் குறையும். நாளைக்குக் காலையில மொத பஸ்சுல பேராதனைக்குப் போறோம். டிக்கட் காசு உன்னோடது.