கேட்டே ஆக வேண்டியவை

எங்கள் குடும்பத்தில் ஜாதகம் பரிமாறுவது குறைந்துவிட்டது. பாட்காஸ்ட் பரிமாறுவது கூடிவிட்டது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இரண்டு பேராவது செல்பேசியை நீட்டி, "இதை நீங்க கேட்டே ஆகணும்" என்கிறார்கள். சமீபத்தில் தம்பி மகன் ஒன்றை அனுப்பினான். எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டேன்.

"அஞ்சு மணி நேரம்தான் பெரியப்பா. ஒன்றரை மடங்கு வேகத்துல வச்சா மூணரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"நீ முழுசாக் கேட்டியாடா?"

"பாதி கேட்டிருக்கேன். நீங்க கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

பரிந்துரை என்பது இன்று இதுதான். நாம் கேட்க நினைத்ததை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டால், கேட்ட புண்ணியத்தில் பாதி நம் கணக்கில் வந்துவிடும்.

1970களில் தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் எதையும் பரிந்துரைத்ததில்லை. தேவைப்படவும் இல்லை. எந்த வீட்டு ரேடியோ உரக்கப் பேசுகிறதோ, அதுதான் தெருவுக்கே நிகழ்ச்சி. ரேடியோ இல்லாதவர்களுக்கு ஊராட்சி மன்றத்து ஒலிபெருக்கி இருந்தது. அதைப் போடுபவர் என்ன போடுகிறாரோ, அதை ஊர் கேட்டது. ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்; வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். 1980களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. காசு கட்டிக் கேட்பதை வீணாக்கலாகாது என்பது அப்பாவின் கட்சி. ஆகவே எங்கள் வீட்டு அல்காரிதம் அவர்தான். காலையில் டெல்லித் தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணஸ்வாமி வாசிக்கும்போது காபி தம்ளர்கூடச் சத்தம் போடக்கூடாது. இரவில் சிற்றலையில் பிபிசி தமிழோசை. நடுவில் திருச்சியும் கொழும்பும். இதில் எங்கள் விருப்பம் என்று ஏதாவது இருந்தால், அதை அவர் ஆற்றில் குளிக்கப் போகும் நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

இன்று என் செல்பேசியில் எனக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதை வழங்கி வருகிறேன். துறைவாரியாக அதைப் பிரித்து எழுதலாம் என்று உட்கார்ந்தபோது ஒன்று புலப்பட்டது. எந்த நிகழ்ச்சி வந்தால் அன்று பாய்ந்து போய் ஸ்டேஷனை மாற்றினோமோ, அதே நிகழ்ச்சிகளைத்தான் இன்று தேடிப் பிடித்து, காதில் செருகிக்கொண்டு, பிறருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

முதலில் சரித்திரம். அன்று வானொலியில் பேராசிரியர் ஒருவர் வந்து, எழுதி வைத்ததை வாசிப்பார். 'உரை' என்று அறிவித்த மாத்திரத்தில் எங்கள் கை குமிழுக்குப் போய்விடும். இன்று நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது பிபிசியின் 'இன் அவர் டைம்'. 1998ல் தொடங்கியது. மெல்வின் பிராக் கால் நூற்றாண்டுக்கும் மேல் அதை நடத்தினார். ஆயிரம் நிகழ்ச்சிகளைத் தாண்டியது. என்ன செய்கிறார்கள்? மூன்று பேராசிரியர்களை உட்காரவைத்து, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசவைக்கிறார்கள். பின்னணி இசை கிடையாது, சிரிப்பு கிடையாது, இடைவேளைப் பாட்டு கிடையாது. அன்று ஒரு பேராசிரியரையே தாங்காதவன் இன்று மூவரைத் தாங்குகிறேன். இதுவும் போதாது என்பவர்களுக்கு மைக் டங்கன் இருக்கிறார். ரோமாபுரியின் கதையை 2007ல் ஆரம்பித்து 2012ல்தான் முடித்தார், 179 பகுதிகள். தத்துவம் வேண்டுமென்றால் பீட்டர் ஆடம்சன். இடைவெளியே விடாமல் தத்துவ வரலாற்றைச் சொல்கிறேன் என்று 2010ல் கிளம்பியவர், ஜொனார்டன் கனேரியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நியாயம், சாங்கியம், சார்வாகம் என்று நம் ஊர்ச் சரக்கையும் விளக்கினார். கோயில் மண்டபத்து உபன்யாசத்தில் இதையெல்லாம் சொன்னபோது நாங்கள் வெளியே பம்பரம் விட்டுக்கொண்டிருந்தோம்.

தம்பி மகன் அனுப்பிய ஐந்து மணி நேரச் சமாசாரம் அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்'. 2017ல் அது தொடங்கியபோது ஒவ்வொரு நிகழ்ச்சியும் சுருக்கமாகத்தான் இருந்தது. கேட்பவர்கள் பொறுமைசாலிகள் என்று தெரிந்ததும் அது வளர்ந்து, ஒரு விருந்தாளியிடம் அவருடைய பாட்டி காலத்திலிருந்து விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. நல்ல நிகழ்ச்சிதான், சந்தேகமில்லை. விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த பரம்பரைக்கு நேரம் ஒரு பொருட்டல்ல. ஆனால் அதே தமிழ்நாட்டில்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' என்று சில நிமிடங்கள் மட்டும் பேசினார். ஒரு குரல், ஒரு விஷயம், முடிவில் ஒரு குட்டிக் கதை. அவர் முடிக்கும்வரை ஆபீசுக்குக் கிளம்பாமல் செருப்போடு வாசற்படியில் நின்றவர்களை நான் அறிவேன். அந்தச் சுருக்கம் பிடித்தவர்களுக்கு, டிம் ஹார்ஃபர்டு 2016ல் பிபிசி உலக சேவையில் தொடங்கிய பொருளாதாரத் தொடரைச் சொல்வேன். நவீனப் பொருளாதாரத்தை உருவாக்கிய ஐம்பது பொருள்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள்.

பொருளாதாரம் என்றதும் விவசாயம் நினைவுக்கு வருகிறது. திருச்சி நிலையத்தின் 'வீடும் வயலும்' எங்களுக்கு ஜென்மப் பகை. பூச்சி மருந்து, உர அளவு, நாற்றங்கால் என்று அது தொடங்கினால் நாங்கள் கலைந்துவிடுவோம், பெரியவர்கள் கூடிவிடுவார்கள். 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் டெல்டாவில் பரவியபோது, வானொலி மூலம் அதை அறிந்த குடியானவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நிகழ்ச்சி கேட்டவர்களின் களத்தில் நெல்லாக வந்து விழுந்தது. அதைவிடப் பெரிய பாராட்டு எந்த ஒலிபரப்புக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்க மறுத்த நான், இன்று அமெரிக்கப் பொது வானொலியின் 'பிளானட் மணி'யை விடாமல் கேட்கிறேன். 2010ல் அவர்கள் ஆயிரம் டாலர் போட்டு, யாரும் சீண்டாத வாராக்கடன் பத்திரத்தில் ஒரு பங்கை வாங்கி, அது எப்படிக் கரைகிறது என்று நேயர்களுக்குச் சொன்னார்கள். 2013ல் ஒரு டி-ஷர்ட்டைத் தயாரித்து, அமெரிக்கப் பருத்தி வயலிலிருந்து அது பங்களாதேஷ், கொலம்பியா தையல் கூடங்கள்வரை போன வழியைப் பின்தொடர்ந்தார்கள். மிசிசிப்பிப் பருத்திக்கு நான் கொடுத்த கவனத்தில் கால்வாசியைக் கோவில்பட்டிப் பருத்திக்குக் கொடுத்திருந்தால் திருச்சி நிலையத்தார் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

சங்கீதத்துக்கு வருவோம். இந்தியாவின் மாபெரும் பரிந்துரையாளர் பி.வி. கேஸ்கர். 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானவர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியில் அதை அடியோடு குறைத்து, சாஸ்திரிய சங்கீதத்தைக் கூட்டினார். நாடு முழுவதும் கேட்டே ஆக வேண்டும் என்றார். நாடு முழுவதும் மரியாதையாக, சினிமாப் பாட்டு தேடிக் கொழும்பு வானொலிக்குத் திருப்பிக்கொண்டது. கடைசியில் 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் திறக்க வேண்டிவந்தது. பரிந்துரை செய்பவர்கள் அனைவரும் கேஸ்கரின் படத்தை மேசைமேல் வைத்துக்கொள்வது நல்லது.

இலங்கை வானொலியில் மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களுக்கே ரசிகர்கள் இருந்தார்கள். கே.எஸ். ராஜாவின் அறிவிப்பை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைக்க அவசியமே இல்லை. அவர் இயல்பாகவே அந்த வேகத்தில்தான் பேசுவார். ஆனாலும் பாட்டின் முன்னிசை மேல் யாராவது பேசினால் எங்களுக்குக் கோபம் வரும். இன்று என் பட்டியலில் சங்கீதத் துறையில் முதலிடம் 'சாங் எக்ஸ்ப்ளோடர்'. ஹ்ரிஷிகேஷ் ஹிர்வே 2014ல் தொடங்கியது. இசையமைத்தவரையே கூப்பிட்டு, தாளம் தனி, கிதார் தனி, குரல் தனி என்று பாட்டைக் கழற்றிவைத்துப் பேசச் சொல்கிறார்கள். முழுப் பாட்டு கடைசியில்தான் வரும். முன்னிசை மேல் பேசியதற்கே சண்டைக்குப் போன தலைமுறை, பாட்டை மொத்தமாக நிறுத்திவிட்டுப் பேசுவதை ரசித்துக் கேட்கிறது.

கிரிக்கெட்டிலும் இதே கதை. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோரின் தமிழ் வர்ணனை கேட்டோம். பந்து எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் நம் கண்ணில் மைதானம் விரிந்துவிடும். ஆட்டம் முடிந்தால் பேச்சும் முடிந்தது. இப்போது 'எய்ட்டி ஒன் ஆல் அவுட்' என்ற பாட்காஸ்டில், என்றோ முடிந்துபோன ஆட்டங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்துக்குப் படபடப்போடு காத்திருக்கிறேன்.

அறிவியல் என்றால் நான் தயங்காமல் சொல்வது '13 மினிட்ஸ் டு தி மூன்'. 2019ல் கெவின் ஃபாங் வழங்கிய பிபிசித் தொடர். அப்பல்லோ 11 தரையிறங்கிய கடைசிப் பதின்மூன்று நிமிடங்கள்தான் மொத்தக் கதையும். கணினி 1202 என்று அபாய எண் காட்டுகிறது, எரிபொருள் தீரப்போகிறது, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களோ பெரும்பாலும் இருபதுகளில் உள்ள இளைஞர்கள். அந்தச் சம்பவம் நடந்தபோது நம் கடிகாரத்தில் 1969 ஜூலை 21, அதிகாலை 1 மணி 47 நிமிடம். இந்தியாவில் தொலைக்காட்சி டெல்லியில் மட்டும்தான். மற்ற ஊர்க்காரர்களுக்கு ரேடியோதான் நிலா. அப்பா எங்களை எழுப்பவில்லை. காலையில் செய்தி கேட்டுவிட்டு, "இறங்கிட்டான்" என்று ஒரே சொல்லில் முடித்தார். அந்த ஒரு சொல்லின் விரிவைத்தான் இப்போது பல மணி நேரம் கேட்கிறேன்.

கதைப் பிரியர்களுக்குத் தமிழிலேயே குறைவில்லை. தீபிகா அருணின் 'கதை ஓசை'யில் கல்கியைக் கேட்கலாம். திருவண்ணாமலை பவா செல்லதுரையின் கதை சொல்லலைக் கேட்கலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் கேட்கையில் உச்சக்கட்டத்தில் மின்சாரம் போகும். மீதிக் கதையை ஆளுக்கொரு விதமாக நாங்களே முடித்துக்கொண்டோம்.

தூக்கம் வராதவர்களுக்கும் ஒன்று உண்டு. 'ஸ்லீப் வித் மீ' என்ற பெயரில் அமெரிக்கர் ஒருவர் 2013 முதல் வேண்டுமென்றே சுவாரசியமில்லாமல், எங்கும் போய்ச் சேராத கதைகளைச் சொல்கிறார். அதில் உலகப் புகழ். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் விளைபொருள் விலை நிலவரம் இதே சேவையைச் செய்தது. துவரம்பருப்பு குவிண்டால் விலை வரும்போது அப்பாவின் குறட்டை தொடங்கிவிடும்.

ஆக, என் பட்டியலில் கணிசமானவை வானொலி நிலையங்கள் தயாரித்தவை. அதுவும் பொதுப்பணத்திலும் சந்தாவிலும் நன்கொடையிலும் நடக்கும் நிலையங்கள். புரட்சிகரமான புது ஊடகம் என்று நான் ஊரெல்லாம் பரப்பியது, அப்பா லைசென்ஸ் கட்டிக் கேட்ட அதே சரக்குதான். வித்தியாசம் ஒன்றே. அவருக்கு நிலையம் கொடுத்ததைத்தான் கேட்க முடிந்தது; அதனால் வேண்டாததும் காதில் விழுந்தது. கர்நாடக சங்கீதம் தெரியாத எங்கள் அம்மாவுக்கு அரியக்குடியின் குரல் அடையாளம் தெரியும். வயல் இல்லாத வாத்தியாருக்குப் பூச்சி மருந்தின் பெயர் தெரியும். எனக்கு என் செயலி, நான் ஏற்கெனவே கேட்டதைப் போன்றதையே எடுத்துக் கொடுக்கிறது. ரோமாபுரி கேட்டால் பைசாந்தியம், பைசாந்தியம் கேட்டால் உதுமானியர். நெல் பக்கம் அது என்னைத் திருப்பியதே இல்லை.

எனவே இந்தப் பட்டியலை உங்களுக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தாதீர்கள். உங்களுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத துறையில் ஒன்றை எடுங்கள். இயல்பான வேகத்தில் கேளுங்கள். நன்றாக இருந்தால் இணைப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம். காதில் செருகியதைக் கழற்றிவிட்டு, கூடத்தில் உரக்க வையுங்கள். வேண்டுபவர்கள் வந்து உட்காருவார்கள். வேண்டாதவர்கள் காதிலும் கொஞ்சம் விழும். எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான பரிந்துரை முறை அதுதான்.