வீடு மாறினால் லைசென்ஸும் மாறணுமா?

கேள்வி: மதுரையிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. டிரைவிங் லைசென்ஸில் இன்னும் மதுரை முகவரிதான். அது செல்லாதா?

– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: செல்லும். லைசென்ஸுக்கு இந்தியா முழுக்க மதிப்பு உண்டு. மதுரையில் வாங்கியது தாம்பரம் வந்ததும் வண்டி ஓட்ட மறந்துவிடாது.

சட்டம் கறாராகக் கேட்பது உங்களை அல்ல, உங்கள் வண்டியை! மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 49-ன்படி, வண்டியின் சொந்தக்காரர் வீடு மாறிய 30 நாட்களுக்குள் ஆர்.சி.யில் முகவரியை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 33. குடிவந்த அன்றே பால்காரருக்கும் கேபிள்காரருக்கும் புது முகவரி சொன்னீர்கள்தானே? ஆர்.டி.ஓ. என்ன பாவம் செய்தார்?

அதற்காக லைசென்ஸை அப்படியே விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2024 முதல் லைசென்ஸ் கைக்குக் கை கிடைப்பதில்லை, விரைவுத் தபாலில்தான் வருகிறது. நாளைக்குப் புதுப்பித்தால், தபால்காரர் உங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டுவார். அங்கே இப்போது இருப்பவர் நல்லவராகவே இருக்கட்டும், கையெழுத்து உங்களுடையது ஆகாதே! 'ஆள் இல்லை' என்று அது திரும்பிப் போகும். அப்புறம் அதைத் துரத்துவது உங்கள் வேலை.

முகவரி மாற்ற, அரசின் பரிவாஹன் தளத்தில் லைசென்ஸுக்கு 'சாரதி', வண்டிக்கு 'வாகன்'. தேரோட்டிக்கு ஒரு வாசல், தேருக்கு ஒரு வாசல்! இரண்டிலும் புது முகவரிக்கு அத்தாட்சி கேட்பார்கள். எனவே முதலில் ஆதாரில் மாற்றிவிட்டு அங்கே போங்கள்.