பனியில் ஒரு வாழை

கேள்வி: இங்கிலாந்துத் தோட்டங்களில் வாழை நிற்கிறதே, பனியில் எப்படிப் பிழைக்கிறது?

பதில்: அது ஜப்பான் வாழை. முதல் உறைபனியிலேயே இலை கருகிவிடும். மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருக்கும். நவம்பரில் இலைகளை வெட்டி, தண்டைச் சுற்றிக் கம்பிவலை நிறுத்தி, உள்ளே வைக்கோல் திணிப்பார்கள். உச்சியில் ஒரு மூடியும் வேண்டும். குளிரைக்கூடத் தாங்கும், குளிரோடு சேரும் ஈரம்தான் தண்டை அழுகவைக்கும். பந்திக்கு இலை உண்டு, பழத்துக்கு ஆசைப்படாதீர்கள்; காய்த்தாலும் விதைதான்!

இங்கிலாந்தின் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில், அதன் தோட்டக்கலைஞர் கிறிஸ்டோபர் லாயிட் 1990-களில் பழைய ரோஜாத் தோட்டத்தையே பிடுங்கிவிட்டு வாழை, கல்வாழை, டேலியா நட்டார். ரோஜாவை உயிராய் நினைக்கும் நாட்டில் என்ன துணிச்சல்! இலைக்கும் அழகுண்டு என்று காட்டிய அவருக்கு என் ஓட்டு.