சம்பளம் இல்லாத தாசில்தார்

தாலுகா ஆபீசைத் திட்டாமல் விக்கியாருக்கு ஒரு நாளும் கழியாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனபோது எத்தனை மேசைக்கு அலையவிட்டார்கள், எந்தெந்தக் காகிதத்தைக் கேட்டார்கள் என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "அப்பா செத்துட்டார்னு புள்ள நேர்ல நின்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கிறாங்க சார். காகிதம் சொன்னாத்தான் நம்புவாங்களாம்!" சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். அதே விக்கியார், ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தால் தாசில்தார் ஆகிவிடுவார். நேரில் நின்று யார் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். காகிதம் வேண்டும்.

அவர் தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுப்பவர். சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த நான்கைந்து பேரைக் குழைத்துச் செய்த ஆள் இவர். அவர்களில் ஒவ்வொருவரும் இதைப் படித்துவிட்டு, மற்றவரைத்தான் கிண்டல் செய்திருக்கிறேன் என்று சந்தோஷப்படுவார்கள். பகலில் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் மேசை. வயது முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே.

விக்கிப்பீடியாவில் அவர் விழுந்தது 2010இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டு. அதையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் போட்டி வைத்தார்கள். பரிசை நினைத்துப் போனார். பரிசு வேறு யாருக்கோ போயிற்று. இவர் மட்டும் திரும்பி வரவில்லை. 'எழில் கொஞ்சும் எங்கள் கிராமம்' என்று சொந்த ஊரைப் பற்றி எழுதினார். கால் மணி நேரத்துக்குள் யாரோ வந்து 'எழில் கொஞ்சும்' என்பதை எடுத்தார்கள். இன்னொருவர் 'எங்கள்' என்பதை எடுத்தார். மிச்சம் இருந்தது 'கிராமம்'. அதன் பக்கத்தில் 'மேற்கோள் தேவை' என்று ஒரு குறிப்பு. வேறு யாராவது என்றால் போங்கடா என்று எழுந்து போயிருப்பார்கள். இவருக்கு வேறு மாதிரி தோன்றியது: இந்த அதிகாரம் நமக்கும் வேண்டும்.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் 'என்பது', 'ஆகும்' சேர்ந்துகொள்ளும். தட்டில் சாம்பார் விழுந்தால், துவரம்பருப்பும் புளியும் காய்கறியும் கொண்டு செய்யப்படும் குழம்பு வகைகளுள் ஒன்றாகும் என்று உள்ளே ஓடும். "எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டால் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. நடுநிலை நோக்கு என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள், "சிலர் உப்பு குறைவுன்னு கருதலாம்" என்றார். மறுநாள் அந்த வீட்டில் ரசம்தான்.

மடிக்கணினியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது 'அண்மைய மாற்றங்கள்'. உலகத்தில் எந்த மூலையில் யார் தமிழ் விக்கிப்பீடியாவில் கை வைத்தாலும் அங்கே தெரியும். ஒரு நடிகர் பெயருக்கு முன்னால் ரசிகர் பட்டத்தைச் சேர்த்திருப்பார். எதிர் ரசிகர் வேறொன்றைச் சேர்த்திருப்பார். இவர் இரண்டையும் எடுப்பார். சாதிக் கட்டுரைகளில் மன்னர்களை இரவோடு இரவாக ஒரு சாதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருப்பார்கள். மன்னரைப் பழையபடி கொண்டுவந்து விடுவார். தேர்வு முடிந்த பையன் யாராவது திருவள்ளுவர் கட்டுரையில் தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் போட்டுவிட்டுப் போயிருப்பான். அவன் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் காதல் நீக்கப்பட்டிருக்கும்.

ஆனால் விக்கியாரின் உயிர் ஒற்றுப்பிழையில் இருக்கிறது. கணினிக் கணக்கில் 'க' மூன்று பைட்டு, அதன் தலையில் வைக்கும் புள்ளி இன்னொரு மூன்று. 'பற்றி கூறினார்' என்று எவரோ எழுதிவிட்டுப் போன இடத்தில் ஒரு 'க்' போட்டுச் சேமித்தால், பச்சை நிறத்தில் +6 என்று விழும். வங்கியில் ஆறு லட்சம் வைப்புத்தொகை பிடித்துக் கொடுத்தபோதும் வராத நிறைவு அந்த +6இல் வரும். ஒரு ராத்திரியில் நாற்பது ஐம்பது 'க்', 'ப்' போட்டுவிட்டுத்தான் படுப்பார். போட்டதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. தவறான இடத்தில் போட்டால் மட்டும் காலையில் ஓலை வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் மாவட்டப் பிரிப்பை இவர் அளவுக்கு வெறுக்கிறவர் யாரும் இருக்க முடியாது. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஒரே ஆண்டில் ஐந்து. மறு ஆண்டில் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டம். அரசுக்கு அது ஓர் அரசாணையோடு முடிந்தது. விக்கியாருக்கு அங்கேதான் ஆரம்பம். ஊர், ஏரி, கோயில், சட்டமன்றத் தொகுதி, பேருந்து நிலையம் என்று ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து மாவட்டப் பெயரை மாற்ற வேண்டும், பகுப்பு என்ற வகைப்பாட்டை மாற்ற வேண்டும், கீழே இருக்கும் வார்ப்புரு என்ற பட்டியலை மாற்ற வேண்டும். சீர்காழியையும் தரங்கம்பாடியையும் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிற தம்பதிகளுக்குத் தாங்கள் எந்த மாவட்டத்தில் நிற்கிறோம் என்ற கவலை இல்லை. அவர்களுக்கும் சேர்த்து இவர் கவலைப்பட்டார். கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்கக் கோரிக்கை என்று செய்தி வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

மக்கள்தொகை இன்னொரு தீராத துக்கம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள். ஊராட்சிக் கட்டுரைகளைத் தானியங்கி நிரல் ஒன்று ஆயிரக்கணக்கில் உருவாக்கிப் போட்டிருக்கிறது. (அந்த நிரலின் தொகுப்பு எண்ணிக்கையைப் பார்த்து விக்கியாருக்குப் பொறாமை, அதற்குச் சோறும் வேண்டாம், சம்சாரமும் இல்லை.) 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால் ஊர்களெல்லாம் 2011லேயே நிற்கின்றன. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால் சர்க்கரை கொடுத்து அனுப்புவார்கள். வாயில் போட்டுக்கொண்டு, "இதைச் சேர்க்க முடியாதே" என்பார்.

இந்த அலுவலகத்தில் சண்டையும் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் அதற்கென ஒரு பேச்சுப் பக்கம். எல்லோரும் கூடிப் பேச ஆலமரத்தடி என்று ஒரு பொதுப்பக்கம். ஜெர்மனியா, செருமனியா, இலங்கையில் வழங்கும் ஜேர்மனியா என்று ஆரம்பித்தால், முடிவதற்குள் அந்த நாட்டில் ஒரு தேர்தலே நடந்து முடிந்துவிடும். யாரும் 'நீ சொல்வது தப்பு' என்று எழுத மாட்டார்கள். 'நண்பரின் கருத்தைக் கண்ணுற்றேன்' என்று தொடங்கும். கோபம் ஏற ஏறத் தமிழ் தூயதாகிக்கொண்டே போகும். 'அன்புகூர்ந்து' வந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது. 'நன்றி, வணக்கம்' என்று கையொப்பம் விழுந்தால் இனி ஆறு மாதத்துக்கு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

விக்கியாரின் பரம எதிரி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், இருப்பது நோர்வேயில். நேரில் பார்த்ததில்லை. அவர் போட்ட எழுத்தை இவர் மாற்றுவார், இவர் மாற்றியதை அவர் மீட்பார். அவரை ஒரு வாரம் காணோம் என்றால் இவருக்குச் சோறு இறங்காது. 'தாங்கள் நலமா?' என்று அவருடைய பேச்சுப் பக்கத்தில் போய் எழுதிவிட்டு வருவார். உண்மையில் ஈழத்தமிழர் இல்லாவிட்டால் இந்தக் களஞ்சியமே இல்லை. 2003இல் அது வெறும் சட்டகமாக நின்றபோது, வளைகுடாவில் இருந்துகொண்டு கட்டுரை கட்டுரையாக எழுதி நிரப்பத் தொடங்கியவர் இ. மயூரநாதன் என்ற யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலைஞர். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அன்று விக்கியார் வங்கியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். மகன் முதல் ரேங்க் வாங்கியிருக்கிறான் என்று நினைத்துச் சாப்பிட்டார்கள்.

உள்ளூரில் இவர் செல்வாக்கு தெரிந்துபோனதும் மனுக்கள் வர ஆரம்பித்தன. வட்டச் செயலாளரின் ஆள் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

"சார், எங்க அண்ணனுக்கு விக்கிபீடியால ஒரு பேஜ் போடணும். எவ்வளவு ஆகும்?"

"காசெல்லாம் கிடையாதுங்க. அண்ணனைப் பத்திப் பத்திரிகையில ஏதாவது வந்திருக்கா?"

"ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கோமே சார்."

"அதை ஒட்டினது நீங்கதானே? வேற யாராவது எழுதியிருக்கணும்."

"வேற யாரு சார் எழுதுவாங்க, அண்ணனைப் பத்தி?"

அந்தக் கேள்விக்கு விக்கியாரிடம் பதில் இருந்தது. நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. கவிதைத் தொகுப்பு போட்ட ஒன்றுவிட்ட மச்சினருக்கும் இதே கதிதான். அவர் கோபித்துக்கொண்டபோது இவர் பிலிப் ராத் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் பெரிய நாவலாசிரியர். தம் நாவல் எங்கிருந்து பிறந்தது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் தவறாக இருக்கிறது, நானே சொல்கிறேன், மாற்றுங்கள் என்றார். நீங்கள் சொன்னால் போதாது, வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012இல் நியூயார்க்கர் இதழின் இணையதளத்தில் அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். வெளியாகிவிட்டதல்லவா, அப்புறம் அந்தக் கடிதமே சான்றாகிவிட்டது. "அவருக்கே அப்படின்னா பாத்துக்குங்க" என்றார் இவர், ஏதோ தாமே அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பியது போல. மச்சினர் அதற்கப்புறம் தீபாவளிக்கு வருவதில்லை.

2020 செப்டம்பர் 25. பாடகர் எஸ்.பி.பி. போய்விட்டார் என்று வீடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுதது. விக்கியார் மட்டும் உள்ளறையில் இருந்தார். நம்பகமான இரண்டு செய்திகள் வருகிற வரைக்கும் காத்திருந்து, 'பாடி வருகிறார்' என்ற இடத்தில் 'பாடினார்' என்று மாற்றிக்கொண்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்து, "நீங்க மனுஷனா?" என்றார். அந்த ராத்திரி அவர் ஒரு 'க்' கூடப் போடவில்லை என்பது மனைவிக்குத் தெரியாது.

போன மாதம் மகன் பள்ளிச் செயல்திட்டத்துக்காகத் தங்கள் ஊர் ஆற்றைப் பற்றிச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டான். வந்த பதிலை உரக்கப் படித்தான். விக்கியார் நிமிர்ந்தார். ஒற்று உட்பட அவர் எழுதிய வாக்கியம். இந்தச் செயலிகளெல்லாம் விக்கிப்பீடியாவையும் படித்து வளர்ந்தவைதானே.

"டேய், இது அப்பா எழுதினதுடா!"

"அப்படின்னு எங்கப்பா போட்டிருக்கு?"

கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து நாள், நேரத்தோடு காட்டினார். பையன் பார்த்துவிட்டு, "இது ஏதோ புனைபெயர்ல இல்ல இருக்கு" என்றான்.

நீங்களும் ஒருமுறை உங்கள் ஊரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஏரியின் பெயர் தப்பாக இருக்கலாம், படம் இல்லாமல் இருக்கலாம். மேலே 'தொகு' என்று இருப்பதை அழுத்தித் திருத்துங்கள், செய்தித்தாளோ புத்தகமோ ஒரு சான்று சேருங்கள். படம் ஏற்ற மட்டும் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும். வாட்ஸ்ஆப்பில் வந்ததை ஏற்றினீர்களானால் ராத்திரி பத்து மணிக்குள் நோட்டீஸ் வந்துவிடும்.