மேஸ்திரி அத்தானுக்கு ஒரு சித்தாள் எழுதுவது

மெல்பர்ன்

அன்புள்ள அத்தானுக்கு,

வாட்ஸப்பில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "கொல்லையில எதுக்குடா கோயில் விமானம் கட்டுற?" என்று கேட்டிருந்தீர்கள். அது பீட்சா சுடுகிற செங்கல் அடுப்பு, அத்தான். காலமெல்லாம் கரண்டி பிடித்தவரிடம் இதை ஃபோனில் சொன்னால் வரிக்கு வரி திருத்துவீர்கள். அதனால்தான் கடிதம்.

ஆள் வைத்துக் கட்டக்கூடாதா என்று அக்கா கேட்பாள். இந்த ஊர்க் கொத்தனார் காலை ஏழு மணிக்கு என் காரைவிடப் பெரிய வண்டியில் வந்து இறங்குவார். அவர் கூலியைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே நீங்கள் பாஸ்போர்ட் ஆபீசில் நிற்பீர்கள். ஆகவே கணக்கு எழுதுகிறவன், பல் பிடுங்குகிறவன் எல்லாரும் சனிக்கிழமையானால் பன்னிங்ஸ் என்ற கடையில் சிமென்ட் மூட்டை தூக்குகிறார்கள். கடை வாசலில் நல்ல காரியங்களுக்குப் பணம் சேர்க்க ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்பார்கள். வெங்காயத்தை மேலே போட்டால் சிந்தும், யாராவது வழுக்கி விழுவார்கள், அதனால் சாசேஜுக்கு அடியில் போடுங்கள் என்று 2018இல் அந்தக் கடை சொன்னது. அதைப்பற்றிப் பிரதமரே கருத்துச் சொல்லவேண்டியதாயிற்று. நாடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது பாருங்கள்.

பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியத் தாத்தா. உலகப் போருக்குப் பிறகு கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கிய இத்தாலியர்களில் ஒருவர். நான் அடித்தளத்துக்கு மண் வெட்டிய அன்றே வேலிக்கு மேலே அவர் தலை முளைத்தது. அன்று முதல் அவர் மேஸ்திரி, நான் சித்தாள். ஒரு நாளும் வேலியைத் தாண்டவில்லை. மேற்பார்வை முழுவதும் தலையை ஆட்டியே நடந்தது.

கல் சாதாரணக் கல் இல்லை, உலைக்கான ஃபயர் பிரிக். நீளம் 230 மில்லிமீட்டர், நம் ஒன்பது அங்குலக் கல்தான். சாந்துக்கு மணல் மூன்று பங்கு. சிமென்ட், சுண்ணாம்பு, ஃபயர் கிளே ஒவ்வொரு பங்கு. பெரிய சூட்டில் சிமென்ட் தளர்ந்துபோகும். அப்புறம் பிடித்து நிற்பது சுண்ணாம்பும் அந்தக் களிமண்ணும்தான். சுண்ணாம்பை விட்டது யார் தப்பு என்று நீங்கள் தொடங்கும் பிரசங்கத்தைத் தாத்தாவும் இத்தாலிய மொழியில் செய்தார்.

கூரை அரைப்பந்து வடிவம். உள்ளே அகலம் ஒரு மீட்டர், உயரம் அரை மீட்டர். தளத்தின் நட்டநடுவில் ஒரு முளை, அதில் சுழலும் கம்பி, நுனியில் கல்லைப் பிடிக்க ஒரு கவ்வி. கம்பியின் நீளம் மாறாததால் எந்த வரிசையும் கோணாது. சூட்சுமம் வாசலில் இருக்கிறது. உள் உயரத்தில் ஏறக்குறைய 63 சதவீதம் வாசல் உயரம் என்பது கணக்கு. கூடினால் சூடு ஓடிவிடும், குறைந்தால் புகை மூடும். புகைபோக்கி உச்சியில் இல்லை அத்தான், வாசலுக்கு வெளியே! குளிர்ந்த காற்று வாசலின் கீழ்ப்பக்கமாக நுழைந்து, தீயைத் தொட்டு, கூரையைத் தடவி, மேல்பக்கமாக வெளியேறுகிறது. ஒரே வாசலில் ஏறுவதும் இறங்குவதும் இடிக்காமல் நடக்கிறது. நம்மூர் டவுன் பஸ் ஓட்டுநர்கள் வந்து பார்க்கவேண்டும்.

கட்டியது பெரிதில்லை, காயவைத்ததுதான் தவம். கல்லுக்குமேல் செராமிக் கம்பளி, அதன்மேல் வெர்மிகுலைட் கலந்த சிமென்ட். இதற்குள் ஒளிந்திருக்கும் ஈரம்தான் எமன். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். எடுத்த எடுப்பில் பெருந்தீ மூட்டினால் கூரை விரிந்துவிடும். காய்ச்சலில் எழுந்தவனுக்குக் கஞ்சியில் தொடங்குவதுபோல, முதலில் சுள்ளித் தீ, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட. பிள்ளைகள் பீட்சா கேட்கும்போதெல்லாம் "கல் காயட்டும்" என்றேன். அவர்கள் கடையிலிருந்து வரவழைத்துத் தின்றுவிட்டு, அட்டைப் பெட்டியை அடுப்புக்குக் கொடுத்தார்கள்.

ஒருவழியாக விருந்துக்கு நாள் குறித்தோம். அன்று பார்த்து 40 டிகிரி வெயில், வறண்ட வடகாற்று. இப்படிப்பட்ட நாட்களில் விக்டோரியாவில் 'டோட்டல் ஃபயர் பேன்' அறிவிப்பார்கள். வெளியே விறகுத் தீ கூடவே கூடாது. வந்தவர்களுக்குத் தயிர்சாதம் போட்டு, அடுப்பைச் சுற்றிக் காட்டி அனுப்பினோம்.

அடுத்த வாரம் மூட்டினோம். இரண்டு மணி நேரம் ரெட் கம் விறகு எரிந்ததும், கூரையில் படிந்த கரி தானே எரிந்து கல் வெளுத்தது. அதுதான் பதம். தளத்துச் சூடு 400 டிகிரி. பீட்சா 60 முதல் 90 வினாடிக்குள் வெந்தாகவேண்டும் என்பது நேப்பிள்ஸ்காரர்களின் விதி. அவர்களுடைய பீட்சாக் கலையை 2017இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. மாதக்கணக்கில் கட்டியது ஒன்றரை நிமிஷத்துக்காகவா என்று உங்கள் தங்கச்சி கேட்டாள். தாத்தாவிடம் மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் அடுப்பின் அருமை மறுநாள்தான் தெரிந்தது. வாசலை மூடிவைத்தால் காலையிலும் உள்ளே நல்ல சூடு. மண்சட்டியில் ஆட்டுக்கறியை உள்ளே தள்ளிவிட்டால், மதியம் எலும்பைத் தொட்டாலே கறி கழன்றுவிடும். சூடு இன்னும் இறங்கியதும் மோர்மிளகாய்த் தட்டு உள்ளே போகிறது. ஒரே நாளில் நாலு பருவம் காட்டும் மெல்பர்ன் வானத்தை நம்பி வற்றல் போட முடியாது. என்னைக் கேட்டால் இது பீட்சா அடுப்பே இல்லை, மோர்மிளகாய் அடுப்பு.

மேல்பூச்சு மட்டும் பாக்கி. என் கை அதற்குப் பழகவில்லை. தாத்தாவின் தலையும் அதை ஒப்புக்கொண்டுவிட்டது. தையில் நீங்களும் அக்காவும் வரும்போது உங்கள் கொத்துக்கரண்டியைக் கொண்டுவாருங்கள். கைப்பையில் வேண்டாம், பெட்டியில் வையுங்கள். மண் ஒட்டியிருந்தால் இந்த ஊர் விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்